முதல் லோடு

மெசினை அமத்து கண்ணு. அமத்தீட்டுக் கீழ எறங்கி வா. நான் எந்திரிக்க மாட்டேன், நீயும் என்ற மேல ஏத்த மாட்டே. அப்பறம் எதுக்கு டீசலைப் பாழாக்கறே? வா, கட்டில்ல இப்பிடி ஓரமா உக்காரு. கயிறு கொஞ்சம் தொய்ஞ்சிருக்கும், பாத்து உக்காரு. மறியல் பண்றதுன்னா ரோட்டுல துண்டை விரிச்சு உக்காரலாம். தோட்டத்துல மறியல் பண்றதுக்குக் கட்டில்தான் சௌகரியம்.

எந்தூரு நீ? அரூரா? நல்ல ஊரு. போனதில்ல.

நாந்தான் பொங்கியண்ணன். பேரு கேட்டிருப்பியே? கேட்டதில்லையா? சரி உடு, வெளியூருக்காரன், உனக்கெப்பிடித் தெரியும். இந்த ஆலாங்காட்டுவலசுல வண்டல் போராட்டம் நடந்துச்சே, அதுக்குத் தலைமை தாங்குனது நான். பேப்பர்ல போட்டோ வந்துச்சு. என்ற தலை பாதிதான் தெரியும், கை முழுசாத் தெரியும்.

அக்கட்ட இட்டேரித் தடத்துல ஜீப்பு நிக்குது பாரு. அதுக்குள்ள உக்காந்திருக்கறாளே ஒரு புள்ள, உன்னைய இங்க வரச் சொன்னவ, அவ பேரு ஜெர்லின். நாகர்கோயில் பக்கத்துக்காரி. குளம் தூர் வார வந்த இன்ஜினியரு. நல்ல புள்ளதான், மரியாதையாத்தான் பேசும். ஆனா அவளாலதான் என்ற கெணறு கெட்டுப்போச்சு. சொன்னா ஆரும் நம்பறதில்ல. நீயாவது முழுசாக் கேட்டுட்டுச் சொல்லு.

இந்தக் கெணத்து மேட்டுல கருப்பா கொட்டிக் கெடக்குதில்ல, இதை அள்ளிட்டுப் போகத்தான் நீ வந்திருக்கறே. அந்தப் புள்ள காலைல வந்து என்ற முன்னாடி நின்னு, "சார், உங்க சம்மதம் இல்லாம ஒரு கூடை மண்ணு கூட எடுக்க மாட்டோம். வாயால சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்"னு சொன்னா. ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைதான் கண்ணு வாயில வரமாட்டீங்குது.

உங்கூர்ல குளத்து வண்டல் அடிப்பாங்களா? இங்க அது சாமி காரியம் மாதிரி. கோடையில குளம் வத்துனா, அடியில கெடக்கற வண்டலை வெட்டித் தோட்டத்துக்கு அடிப்போம். ஒருக்கா அடிச்சா மூணு வருசத்துக்கு எருவே வேண்டாம், மஞ்சள் கெழங்கு மொழங்கை தண்டிக்கு வெளையும். அதுல முதல் லோடுங்கறது பெரிய மரியாதை. வண்டிக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, கொட்டடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. முதல் லோடு ஆரு தோட்டத்துக்குப் போறதுங்கற ஓரியாட்டச் சண்டையில இந்தூர்ல நிச்சயம் பண்ணுன கல்யாணமே நின்னிருக்குது.

எங்கப்பன் காலம் பூராவும் பாத்தாரு, முதல் லோடு அவருக்கு வந்ததே இல்ல.

அப்பறம் மேக்கால சாயப்பட்டறைங்க வந்துச்சு. குளத்துக்கு வர்ற வாய்க்கால்ல ஒரு நாளைக்குச் செவப்பா வரும், ஒரு நாளைக்கு நீலமா வரும். சீமையில இந்த வருசம் என்ன கலர் பனியன் போடறாங்கங்கறதை எங்க குளத்தைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம். தண்ணி வத்தறதும் நின்னு போச்சு, வண்டல் எடுக்கறதும் நின்னு போச்சு. என்ற பொண்ணு பொறந்ததுல இருந்து அந்தக் குளத்துல ஒரு கூடை மண்ணு எடுத்ததில்ல. உள்ள அவ்வளவும் சேந்து கெடக்குதேன்னு ஊருக்கே ஏக்கம். எனக்குக் கொஞ்சம் எச்சு.

அப்பத்தான் கோர்ட்டு சொல்லி இவங்க தூர் வார வந்தாங்க. வந்தவங்க நம்மள மாதிரி மம்முட்டி எடுத்துட்டு வந்தாங்களா? இல்ல. தண்ணி மேல மெதக்கற மெசினு. அது அடிச்சேத்தை உறிஞ்சிக் குழாய் வழியாக் கரைக்கு அனுப்புது. கரையில கருப்பு பிளாஸ்டிக்கை விரிச்சு, அதுல ஊத்திக் காயப் போடறாங்க. எங்கூட்டுல மொளகாயே வெறுந்தரையிலதான் காயுது. சேத்துக்கு விரிப்பு! அள்ளறவன் கையில உறை, மூஞ்சில துணி. காஞ்சதை லாரில ஏத்தி, மேல தார்ப்பாய் போத்தி, கயிறு இறுக்கி, பின்னாடியே ஒரு ஜீப்பு. எங்கியோ தூரத்துல குழி வெட்டிப் பத்தரமா வெக்கறாங்களாம்.

நீயே சொல்லு. குப்பையை ஆராவது போத்தி எடுத்துட்டுப் போவானா? நகையைத்தான் போத்தி எடுத்துட்டுப் போவான்.

இதையேதான் நான் மாரியம்மன் கோயில் மண்டபத்துல கூட்டம் போட்டப்பக் கேட்டேன். அந்தப் புள்ள எந்திரிச்சு நின்னு பொறுமையாச் சொன்னா: "சார், இது நீங்க நெனைக்கற வண்டல் இல்ல. சாயக்கழிவு. இதுல உப்பு இருக்கு, குரோமியம் இருக்கு. மழை பேஞ்சா மண்ணுக்குள்ள எறங்கும், கெணத்துக்குப் போகும். அதனாலதான் மூடி எடுத்துட்டுப் போறோம்." ஒரு கண்ணாடிக் குடுவையில அந்தச் சேத்தைக் கரைச்சு வேற காட்டினா.

நான் உடுவனா? "ஏனம்மிணி, வண்டலைப் பத்தி வெவசாயிக்கு நீ பாடம் எடுக்கறியா? எங்க குளத்து மண்ணு எங்களுக்கு வெசம், உங்க லாரிக்கு மட்டும் அமுதமா?"ன்னு கேட்டேன். மண்டபமே ஒரே கைதட்டு. பொம்பளைங்க பக்கமிருந்து சீட்டி கூட வந்துச்சு. அந்தப் புள்ள ஏதோ சொல்ல வாயெடுத்தா, சத்தத்துல கேக்கல. குடுவையை எடுத்துப் பைக்குள்ள வெச்சுட்டு உக்காந்துட்டா.

அங்கதான் தப்புப் பண்ணுனா. அது எப்பிடி உக்காரலாம்?

மக்யா நாளு விடிஞ்சதும் ரோட்டை மறிச்சோம். "எங்க மண்ணு எங்களுக்கே"ன்னு கோசம். வாசகம் என்றதுதான். லாரியெல்லாம் வரிசையா நின்னு போச்சு. வெயில்ல ரெண்டு பேரு மயங்கிக்கூட உழுந்தாங்க. ஒருத்தரு உண்மையாவே மயங்கினாரு. கடைசியில மேலதிகாரி ஒருத்தர் வந்து, தலைவலி தீந்தாச் சரின்னு, "காஞ்ச மண்ணுல கொஞ்சம் எடுத்துக்குங்க, ரோட்டை உடுங்க"ன்னு சொல்லிட்டாரு. அவரு பின்னாடியே இந்தப் புள்ள "வேண்டாம் சார், வேண்டாம் சார்"னு ஓடுனா. கார்க் கதவைச் சாத்திட்டுப் போயிட்டாரு.

முதல் லோடு எனக்கு. மாலை, சூடம், கொட்டு, அத்தனையும். எங்கப்பன் போட்டோவைக் கையில புடிச்சுக்கிட்டு லாரி முன்னாடி நடந்தேன். வெக்கப்படாமச் சொல்றேன், அழுதேன்.

வேலி ஓரமா நிக்கறானே, துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, அவன் நாச்சிமுத்து. என்ற பங்காளி, பெரியப்பன் மகன், எனக்குச் சின்னவன். இந்தக் கெணறு எங்க ரெண்டு பேருக்கும் பொது. ஒரு நாளைக்கு அவன் முறை, ஒரு நாளைக்கு என்ற முறை. அன்னைக்கு லாரி மேட்டுல ஏறும்போது வந்து, "அண்ணா, அந்தப் புள்ள சொல்றதைப் பாத்தாப் பயமா இருக்குது. கொட்டறதுன்னா அக்கட்ட கல்லுக் கரட்டுல கொட்டுங்ணா, கெணத்து மேட்டுல வேண்டாங்ணா"ன்னான். தோட்டத்துக்கு ஒரு லோடு நீயும் எடுத்துக்கடான்னா, வேண்டாம்னுட்டான். குளத்தோட கோவிச்சுக்கிட்டுக் கால் கழுவாமப் போனவன் கதைதான். பொறாமைன்னு நெனச்சேன். முதல் லோடு அடுத்தவனுக்குப் போறப்ப ஆருக்குத்தான் வயிறு எரியாது?

இன்ஜினியர் புள்ளையும் வந்தா. "கெணத்துப் பக்கம் மட்டும் வேண்டாம் சார்"னு கும்புட்டாள்னே வெச்சுக்க. ஏம்மா, முதல் லோடைக் கொண்டுபோயிக் கரட்டுல கொட்டறதுக்கா எங்கப்பன் ஏங்கிச் செத்தாரு? ரோட்டுல போறவன் வர்றவன் பாக்க வேண்டாமா? இந்த மேட்டுல கொட்டினாத்தான் பஸ்ஸுல போறவனுக்கும் தெரியும். கொட்டினேன். மீதியை மஞ்சக் காட்டுக்கு எறச்சு உட்டேன்.

ஐப்பசில மழை நல்லாப் பேஞ்சுச்சு. அதுல ஒண்ணும் குத்தமில்ல.

மஞ்சளு நுனி கருகுச்சு. வெயிலுன்னு நெனச்சேன். மழையில என்ன வெயிலுன்னு எங்கூட்டுக்காரி தெய்வாத்தா கேட்டா. அவளுக்கு எப்பவும் குறுக்குக் கேள்விதான். அப்பறம் கெணத்துத் தண்ணி நெறம் மாறுச்சு. மாறினா என்ன, கொஞ்சம் டீத்தண்ணி மாதிரி, பழகிக்கலாம். மாடு தொட்டியில வாய வெச்சுட்டு எடுத்துருச்சு. மாட்டுக்குத் திமிரு. எருமையும் குடிக்கல. அதுக்கும் திமிரு. நான் கேன் தண்ணி வாங்கிக் குடிக்கறேன், அது வேற, எனக்குப் பல்லுக் கூசுது.

என்ன சிரிக்கறே? சிரிச்சுக்க.

நாச்சிமுத்து தண்ணியைப் பாட்டில்ல புடிச்சுட்டுப் போயி எங்கியோ காட்டிட்டு வந்தான். அதுக்கப்பறம் அவன் முறையன்னைக்கு மோட்டாரைப் போடறதில்ல. காட்டைத் தரிசாப் போட்டு வெச்சுட்டான், புள்ளைங்களைப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குத் தாட்டி உட்டுட்டான். அவன் என்னையத் திட்டியிருந்தாப் பரவால்ல கண்ணு. பங்காளிக்குத் திட்டறதுக்கு உரிமை இருக்குது. பதிலுக்கு நானும் திட்டிப்போட்டு நிம்மதியா இருந்திருப்பேன். அவன் தெனமும் வந்து அந்த வேலி ஓரமா நின்னு கெணத்தைப் பாத்துட்டுப் போறான். அதுதான் தாங்க முடியல.

ஊருக்காரங்க கதை அதுக்கு மேல. என்ற பின்னாடி நின்னு கோசம் போட்டவன் அத்தனை பேரும், ஒருத்தன் பாக்கியில்லாம, அந்தப் புள்ள கிட்டப் போயி "அம்மிணி, எங்க தோட்டத்து மண்ணை எடுத்துருங்க"ன்னு கேட்டுட்டான். நீ இத்தன நாளா அவங்க காட்டுலதானே அள்ளிட்டு இருந்தே? லாரிக்கு முன்னாடி நின்னவனெல்லாம் இப்ப லாரிக்குப் பின்னாடி நின்னு, "ரிவர்ஸ் வா, ரிவர்ஸ் வா"ங்கறான். ஊர்லயே பாக்கி நான் ஒருத்தன். தலைவன்னா கடைசி வரைக்கும் நிக்கோணுமில்ல?

இப்பச் சொல்லு, தப்பு ஆரு மேல? அந்தப் புள்ளைக்கு அன்னைக்கே தெரியும். நல்லாத் தெரியும். தெரிஞ்சவ என்ன பண்ணியிருக்கோணும்? போலீசைக் கூட்டியாந்து என்னைய அள்ளிக் கொண்டுபோயி உள்ள போட்டிருக்கோணும். ஒரு அறை உட்டிருந்தாக்கூட ஏன்னு கேட்டிருக்க மாட்டேன். கும்புட்டா நான் எப்பிடி நிறுத்துவேன்? கும்புடறவங்களைப் பாத்தா எனக்கு இன்னும் ஏறுமே தவிர எறங்காது. இந்தூர்ல ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. விசாரிக்காம வேலைக்கு வர்றதா?

இன்னைக்கும் பாரு, அப்பிடியேதான் உக்காந்திருக்கறா. ஒரு அதட்டு இல்ல. "நீங்களா எந்திரிக்கற வரைக்கும் மெசினைத் தொடக் கூடாது"ன்னு உனக்கு உத்தரவு போட்டிருப்பாளே? நெனச்சேன்.

அவ இன்னொண்ணும் சொன்னா. கருப்பு மண்ணை மட்டும் அள்ளினாப் போதாதாம். அதுக்கு அடியில ஒரு அடி ஆழத்துக்கு என்ற சொந்த மண்ணையும் சேத்து வழிக்கோணுமாம். எங்கப்பன் கல்லுப் பொறுக்கிப் பண்ணுன மண்ணு அது. அதையும் தார்ப்பாய் போத்தி எடுத்துட்டுப் போவீங்க. "அப்பறமாவது தண்ணி தெளியுமா?"ன்னேன். "நாளாகும் சார், உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இது இங்க கெடக்கற வரைக்கும் தெளியவே தெளியாது"ன்னா. சும்மாவாவது தெளியும்னு சொல்லியிருக்கலாமில்ல? பொய் சொல்லக்கூடத் தெரியல.

இத்தனையும் நான் தாங்கிக்குவேன். தாங்க முடியாதது வேற.

என்ற பொண்ணு இந்துமதி மாசமா இருக்கறா. தலைப்பிரசவம். நான் அப்புச்சி ஆகப்போறேன். எங்க பக்கத்துல வழக்கம் என்னன்னா, தாய்வீட்டுக்காரங்க கட்டுச்சோறு ஆக்கி எடுத்துட்டுப் போயி, விருந்து வெச்சு, புள்ளைய இங்க அழைச்சுட்டு வந்து பிரசவம் பாக்கோணும். புளிச்சோறு, தேங்காச்சோறு, எள்ளுச்சோறுன்னு கேன் தண்ணியிலதான் எல்லாம் ஆக்குனா தெய்வாத்தா. ஒறம்பரை சனமெல்லாம் வேன்ல ஏறிப் போனோம். சாப்பிட்டு முடிச்சுப் பொழுதோட கெளம்பற நேரத்துல, சம்பந்தி ஊடு பூராவும் பாத்துட்டு நிக்க, என்ற பொண்டாட்டி சொன்னா: "புள்ளையும் வரல, நானும் வரல. அந்த மண்ணு கெணத்து மேட்டை உட்டுப் போகட்டும், நாங்க வர்றோம்."

நான் சிரிச்சு மழுப்பினேன். "ஊரு என்ன சொல்லும் தெய்வாத்தா, பொங்கியண்ணன் தோத்துட்டான்னு சொல்லாதா?"ன்னேன், மெதுவாத்தான். அவ மெதுவாப் பேசல. "குப்புற உழுந்தும் உங்க மீசையில மண்ணு ஒட்டக் கூடாது. அதுக்காக என்ற பேரன் வாயில மண்ணைப் போடுவீங்களா?"ன்னா.

அந்தப் பொம்பள கல்யாணமாகி வந்ததுல இருந்து என்னைய எதுத்து ஒரு வார்த்தை பேசுனதில்ல. குறுக்குக் கேள்வி கேப்பா, அது வேற.

இந்துமதி எந்திரிச்சு வந்து என்ற சட்டையைப் புடிச்சுக்கிட்டு, "அப்பா, எனக்கு நம்மூட்டுக்கு வரணும்ப்பா"ன்னா. கட்டுச்சோறு எடுத்துட்டுப் போன வேன்ல நான் மட்டும் ஒறம்பரைங்களோட திரும்பி வந்தேன். வழியில டிரைவரு பாட்டைக்கூட நிறுத்திட்டான். பொண்ணு மாமியா ஊட்டுலயே பெத்துட்டாள்னா, நான் செத்தாலும் அந்தப் பேச்சு இந்தூர்ல சாகாது. பேச்சு கெடக்குது உடு. புள்ள "நம்மூட்டுக்கு வரணும்"னு சொன்னாளே. நான் கூப்புடலையே கண்ணு. கூப்புட வாயே வரலையே.

ஊடு வெறிச்சோன்னு கெடக்குது. என்ற காலடிச் சத்தமே எனக்குப் பயமா இருக்குது.

பொழுது உச்சிக்கு வந்துருச்சு போல. நான் சாப்பிடப் போகோணும்.

இங்க பாரு, நல்லாக் கேட்டுக்க. நான் சரின்னு சொல்லல. அந்தப் புள்ள வந்து கேட்டாலும், நாச்சிமுத்து வந்து கேட்டாலும், பொங்கியண்ணன் சரின்னு சொல்லலைன்னுதான் நீ சொல்லோணும். எனக்குப் பசிக்குது, நான் சோறு திங்கப் போறேன், அவ்வளவுதான். மறியல் பண்றவனுக்கும் வயிறு இருக்குதில்ல? நான் போனதுக்கப்பறம் நீ இங்க என்ன பண்றேங்கறது எனக்குத் தெரியாது. கட்டிலை மட்டும் மெசினு ஏறாம ஓரமா எடுத்துப் போட்டுரு.

நான் ரொம்ப மெதுவாச் சாப்பிடற ஆளு. சோறு ஆரு ஆக்கி வெச்சிருக்கறாங்கன்னு கேக்காதே. நால்ரோட்டுல மெஸ்ஸு இருக்குது. சம்பந்தி ஊருக்குப் பஸ்ஸும் அங்கதான் நிக்கும். காலைலயே ஊட்டுத் தொட்டிக்கு லாரித்தண்ணி ஊத்தச் சொல்லிட்டுத்தான் இங்க வந்து உக்காந்தேன். அது வேற விசயம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

கெணத்து மேட்டுல இருந்து ஆரம்பி. அந்தப் புள்ள ஒரு அடின்னா, நீ அதுக்கும் மேல ஒரு சாண் சேத்தே வழிச்சுரு. என்ற மண்ணுதான், போனாப் போகுது.

பொழுதோட வந்துருவேன். கூட ரெண்டு பேரு வருவாங்க, வயித்துல இருக்கறதையும் சேத்தா மூணு. நாங்க வர்றப்ப இந்த மேட்டுல ஒரு கை கருப்பு மண்ணு கெடந்தாலும், இப்பவே சொல்லிட்டேன், மறுபடியும் கட்டிலைப் போட்டு மறிச்சுருவேன். கொள்கையை உட்டுக்குடுக்கற ஆளு நானில்ல.